சசாக் மொழியும் மழலையர் எழுத்தறிவும்

இந்தோனேசியாவில் பாலித் தீவுக்குக் கிழக்கே அமைந்துள்ளது லொம்போக் தீவு. ஆயிரம் பள்ளிவாசல்களின் தீவு எனப் புகழப்பெறும் இங்குப் பெரும்பான்மையோர் சசாக் இனத்தவர். அவர்தம் தாய்மொழியும் சசாக் என்றே வழங்கும். 25 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பேசும் மொழியை அழியும் மொழி என்றல் பொருந்தாது. எனினும் மாத்தரம் முதலிய நகர்ப்புறங்களில் பெற்றோர் பலர் தம் மக்களோடு இந்தோனேசிய மொழியிலேயே உரையாடுகின்றனர். பள்ளியும் தேர்வும் பணியும் அம்மொழியில் அமைந்திருக்க, அவர்களைக் குறைகூறுதல் எளிதன்று.

வீட்டில் சசாக் மட்டுமே கேட்டு வளர்ந்த சிற்றூர்க் குழந்தையின் நிலை வேறு. அறியாத எழுத்தையும் அறியாத மொழியையும் அது ஒருசேரச் சுமக்க நேர்கிறது. எழுத்தும் ஒலியும் இயையும் முறையை அறிந்த சொற்களில் கற்றுக்கொண்ட குழந்தை, பின்னர் அவ்வாற்றலைப் பிறமொழிக்கும் எடுத்துச் செல்லும். தாய்மொழியிலேயே கல்வி தொடங்குதல் நன்று என 1953இல் யுனெஸ்கோ அறிக்கையும் பரிந்துரைத்தது. இந்தோனேசியாவின் 2003ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தொடக்கநிலையில் தேவையெனின் வட்டார மொழியைப் பயிற்றுமொழியாகக் கொள்ள இடந்தருகிறது.

எனின், எந்தச் சசாக்கைக் கற்பிப்பது? இடர்ப்பாடு இங்குதான் தொடங்குகிறது. 'அவ்வாறு, இவ்வாறு' என்பதற்கு வழங்கும் சொற்களைக் கொண்டே இதன் கிளைமொழிகள் பெயர்பெற்றுள்ளன: ஙெனோ-ஙெனே, மெனோ-மெனே, குத்தோ-குத்தே என்றாற்போல. ஒரு வட்டாரத்திற்கு எழுதிய நூல் மற்றொரு வட்டாரக் குழந்தைக்கு அயன்மையாகத் தோன்றலாம். பெரியோர்பால் பேசும் உயர்வழக்கு வேறு உண்டு. அது பண்பாட்டுச் செல்வமே. ஆயினும் முதல் ஏட்டினை அதில் தொடங்குதல் தகாது என்பது என் கருத்து. தாயைக் குறிக்கும் 'இனாக்', தந்தையைக் குறிக்கும் 'அமாக்', நீரைக் குறிக்கும் 'ஆயிக்' ஆகியன போதும். இவற்றின் இறுதியில் நிற்பது முழுக் ககர ஒற்றன்று. தொண்டையில் மூச்சை அடைத்து நிறுத்தும் ஒலி. உரோமன் எழுத்தில் 'கியூ'வால் இதனைக் குறிப்பர். இவ்வொலியைக் குழந்தைக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதன் வரிவடிவை மட்டும் காட்டினாற் போதும்.

சசாக்கிற்குப் பழைய எழுத்தும் உண்டு. பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தினின்று கிளைத்த சாவக, பாலி எழுத்துகளின் வழிவந்தது அது. 'லொந்தார்' எனப்படும் ஓலைச்சுவடிகளில் அதனைக் காணலாம். அவ்வோலை நம் பனையோலையே! ஆயினும் இந்தோனேசிய மொழிக்கும் பயன்படும் உரோமன் எழுத்தை முதலிற் பயிற்றி, முன்னோர் எழுத்தைச் சில ஆண்டுகள் கழித்து அறிமுகம் செய்தலே குழந்தைக்குச் சுமை குறைக்கும்.

வாசிக்கக் கதைகளுக்கும் பஞ்சமில்லை. குரங்கும் தவளையும் வாழைத்தண்டொன்றை இரு கூறாக்கி நடும் கதை லொம்போக்கில் நன்கறியப்பட்டது. நுனியைக் கொண்ட குரங்கின் பங்கு பட்டுப்போக, அடியை நட்ட தவளையின் வாழை குலைதள்ளும். மரமேற இயலாத தவளை குரங்கின் உதவியை நாட, அதுவோ பழங்களைத் தானே தின்றுவிடும். இக்கதையை அந்தந்த ஊரின் பேச்சிலேயே எழுதிக் கையில் தந்தால், முடிவை முன்பே அறிந்த குழந்தை, வரியில் விரல்வைத்து அடுத்த சொல்லைத் தானே கண்டுகொள்ளும்.