ரூம்ல கேன் தண்ணிதானா? குழாய்த் தண்ணி என்ன சொல்லுதுன்னு கேளுங்க!

மறைமலை நகரில் ரூம் எடுத்துத் தங்கி, ஒரகடம் பக்கம் ஷிஃப்ட்டுக்குப் போறவரா நீங்க? அப்போ உங்க ரூம் மூலையிலும் ஒரு 20 லிட்டர் கேன் இருக்கும். குழாய்த் தண்ணியை ஏன் குடிக்கிறதில்லைன்னு கேட்டா, 'ப்ளீச்சிங் பவுடர் வாடை, டிடிஎஸ் வேற அதிகம்'னு பதில் வரும்.

உண்மையில், லேசான குளோரின் வாடை நல்ல சேதி. குழாய்முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும் என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500. வழியில் குழாய் உடைந்து சாக்கடை கலந்தால், கிருமிகளை எதிர்க்க இருப்பது அந்த மிச்சம்தான். ஆனா, இவ்வளவு குறைந்த அளவு மூக்குக்குத் தெரியாமலும் போகலாம். சோதித்துப் பார்த்தவங்கதான் நமக்குச் சொல்லணும்.

டிடிஎஸ் கதை வேற. அது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு மட்டுமே. 500 வரை ஓகே. வேற தண்ணியே இல்லைன்னா 2,000 வரை அனுமதி. மீட்டர் 50 காட்டுற தண்ணியிலும் கிருமி இருக்கலாம். மீட்டருக்கு அது தெரியாது!

சரி, ஆபத்துன்னா யார் சொல்வாங்க? 2024 டிசம்பரில், இதே ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் பல்லாவரத்தில் 30-க்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்குப் போனார்கள். மூன்று பேர் இறந்தார்கள். குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்றார்கள் மக்கள். தண்ணீர்தான் காரணம் என்பதை அமைச்சர் தா.மோ.அன்பரசன் மறுத்தார். மாதிரிகள் கிண்டி கிங் ஆய்வகத்துக்குப் போயின. யார் சொல்றது சரி என்பது ரிசல்ட் வந்தப்புறம்தான் தெரியும் என்ற நிலை அப்போது. 'இன்னிக்கு ராத்திரி பிள்ளைக்கு எந்தத் தண்ணியைக் குடுக்கிறது?' என்ற அம்மாவின் கேள்வி அதுவரை காத்திருக்குமா?

அதே வருஷம் மே மாதம், இங்கிலாந்தின் பிரிக்ஸம் பகுதியிலும் குடிநீரில் ஒட்டுண்ணி கலந்தது. அங்கேயும் குடிநீர் நிறுவனம் முதலில் 'தண்ணி நல்லாத்தான் இருக்கு' என்றுதான் சொன்னது. மறுபடி சோதித்ததும் மாற்றிச் சொன்னது: எந்தெந்தப் பகுதி, கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிங்க, நாங்க சொல்ற வரைக்கும் இப்படியே. பகுதி பகுதியாகத் தடை விலகி, கடைசி வீடுகளுக்கு ஜூலையில்தான் 'இனி குடிக்கலாம்' என்ற தகவல் போனது. நல்ல அறிவிப்புக்கு இந்த மூணு வரி போதும். நம்ம வார்டு வாட்ஸ்அப் குரூப்பில் போடக்கூட முடியும்.

அறிவிப்பு வராத ஊரில் நாமே கேட்கலாம். குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதிக்கலாம். கலங்கலோ நாற்றமோ இருந்தால், ரிசல்ட் வரும்வரை காத்திருக்காம, தளதளன்னு ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டுக் குடிங்க.

அப்புறம், அடுத்தமுறை மேல்நிலைத் தொட்டியைக் கடந்து போகும்போது கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. பல ஊர்களில் கடைசியாகச் சுத்தம் செய்த தேதியைப் பெயின்ட்டில் எழுதியிருப்பாங்க. உங்க ஏரியா தொட்டியில் என்ன தேதி இருக்கு?