பழைய கதவு வாங்கினா லாபமா... நஷ்டமா? வீடு கட்டுவோர் போட வேண்டிய கணக்கு!

சென்னை:

சிறுகச் சிறுக காசு சேர்த்து வீடு கட்டுபவர்களுக்கு செங்கல், சிமெண்ட், கம்பியிலேயே பாதிப் பணம் கரைந்து விடுகிறது. கதவு, ஜன்னல் என்று வரும்போது கையில் காசு இருக்காது. அப்போதுதான் 'பழைய மரக்கடைக்குப் போய் பார்க்கலாமே' என்ற யோசனை வருகிறது.

நல்ல யோசனைதான். இடித்த வீடுகளில் இருந்து வரும் தேக்கு கதவு, நிலை எல்லாம் பல வருஷம் காய்ந்த மரம். பச்சை மரம் போல நெளியாது, சுருங்காது. புதிதாக மரம் வெட்டவும் வேண்டாம். இங்கிலாந்தில் பிறந்து கேரளாவில் வாழ்ந்து 2007-ல் மறைந்த கட்டிடக்கலை நிபுணர் லாரி பேக்கர், குறைந்த செலவில் கட்டிய வீடுகளில் பழைய கதவு, ஜன்னல்களை தாராளமாக பயன்படுத்தினார். அமெரிக்காவின் 'லீட்' பசுமைக் கட்டிட சான்றிதழின் 2009-ம் ஆண்டு பதிப்பில், பொருள் செலவில் 5 சதவீதம் பழசாக இருந்தாலே ஒரு மார்க் உண்டு.

ஆனால் கடைக்காரர் சொல்லும் விலையை மட்டும் நம்பி இறங்கினால் பர்ஸ் காலி!

கணக்கு எப்படி?

உதாரணத்துக்கு ஒரு வாசக்கால் கதவு, நிலையோடு ரூ.9 ஆயிரம் என்று வைத்துக் கொள்வோம். வண்டி வாடகை, ஏற்று இறக்கு கூலி ரூ.1,200. ஆணி பிடுங்கி, இழைத்து, மாட்ட ஆசாரிக்கு 2 நாள் கூலி ரூ.2,400. கீல், தாழ்ப்பாள், பூட்டு ரூ.1,000. பாலிஷ் ரூ.1,400. மொத்தம் ரூ.15 ஆயிரம்! புதுக் கதவின் விலையோடு இந்த 15 ஆயிரத்தைத்தான் ஒப்பிட வேண்டும், 9 ஆயிரத்தை அல்ல.

புது மரத்தின் விலை கன அடி கணக்கு. 7 அடி உயரம், மூன்றரை அடி அகல நிலைக்கு நாலு பக்கமும் சேர்த்து 21 அடி நீள சட்டம் வேண்டும். 5 அங்குலத்துக்கு 3 அங்குல சட்டம் என்றால் சுமார் 2.2 கன அடி மரம். இதை வைத்து புது நிலையின் விலையை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

முதலில் கதவு, பிறகு சுவர்

பலர் ஏமாறுவது இங்கேதான். சுவரில் இடம் விட்டு கட்டிய பிறகு பழைய கதவு தேடினால் அளவு சரியாக கிடைக்காது. கதவை வெட்டணும், இல்லாவிட்டால் சுவரை இடிக்கணும். ரெண்டுமே தண்டச் செலவு. எனவே பேஸ்மட்டம் போடும்போதே கதவை வாங்கி, அந்த அளவை மேஸ்திரியிடம் கொடுத்து விட வேண்டும்.

வாங்கும்போது நிலைக்காலின் அடிப்பகுதியை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கினால் கரையான் அரித்த மரம். சின்ன ஓட்டையில் இருந்து மாவு கொட்டினால் உளுத்துப் போனது. பழைய கட்டில், பெஞ்ச் என்றால் மூட்டு இடுக்குகளில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்க்கணும். பில் கேட்டு வாங்குவது அவசியம். திருட்டுப் பொருளாக இருந்தால் தலைவலி உங்களுக்குத்தான்.

பெயிண்டில் ஆபத்து

வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். காய்ந்த பெயிண்டை சுரண்டினால் கிளம்பும் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியை பாதிக்கும். தண்ணீர் நனைத்து, குழந்தைகள் இல்லாத இடத்தில், முகமூடி போட்டுக் கொண்டே தேய்க்க வேண்டும்.

இத்தனையும் போட்ட பிறகு புதுசை விட கணிசமாக குறைந்தால் தாராளமாக வாங்கலாம். ஆயிரம், ரெண்டாயிரம்தான் மிச்சம் என்றால்? புதுசே மேல்!