எதை வரையாமல் விடுவது?

காலையில் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப், மாலையில் டிஜிட்டல் பேனா. எலியின் மூளைச் சீவல்களைப் படம் பிடிப்பது என் ஒரு வேலை. மற்ற ஆராய்ச்சியாளர்களின் கட்டுரைகளுக்குப் படம் வடிவமைத்துக் கொடுப்பது இன்னொன்று. "படிச்சது மூளை, வரையறது பொழுதுபோக்கா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். இல்லை, இரண்டும் ஒரே வேலைதான். ஆனால், கல்யாணப் பந்தியில் இலை எடுப்பதற்குள் அதைப் புரியவைக்க முடிவதில்லை.

இரண்டையும் ஒரே வேலையாகச் செய்த ஒருவர் இருந்தார். ஸ்பெயினில் 1852-இல் பிறந்த சான்டியாகோ ரமோன் இ கஹாலுக்கு ஓவியராக ஆசை. வைத்தியரான அப்பாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. இடுகாட்டில் கிடந்த எலும்புகளைக் காட்டி, இதை வரை என்றார். பையனுக்கு உடற்கூறு அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1887-இல் மாட்ரிட்டில் லூயிஸ் சிமாரோ என்ற மருத்துவர் அவருக்கு ஒரு மூளைச் சீவலைக் காட்டினார். இத்தாலியரான கமிலோ கோல்ஜி 1873-இல் வெளியிட்ட முறையில் சாயமேற்றிய சீவல் அது. திசுவைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட வேண்டும்.

அந்தச் சாயத்தின் விசேஷமே அதன் கஞ்சத்தனம்தான். அத்தனை செல்களில் ஏதோ ஒருசிலவற்றை மட்டும் பிடிக்கும். பிடித்ததை அடி முதல் நுனிவரை கன்னங்கரேலென்று காட்டும். எல்லாமே கறுத்திருந்தால் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஒற்றை மரத்தைத் தேடுகிற கதையாகியிருக்கும்.

மூளை முழுக்க ஒன்றோடொன்று பின்னிய வலை என்று கோல்ஜி சொன்னார். கஹால் அதே சாயத்தைக் கருவிலிருக்கும் பறவைகளின் மூளையில் போட்டுப் பார்த்து, ஒவ்வொரு நியூரானும் தனித்தனி செல் என்றார். 1906-இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். கோல்ஜி தன் பரிசு உரையிலேயே கஹாலின் கொள்கையை எதிர்த்துப் பேசினார்!

கஹால் வரைந்தவற்றில் ஏறத்தாழ மூவாயிரம் படங்கள் எஞ்சியிருக்கின்றன. பலவற்றில் நாம் பார்ப்பது ஒரே சீவலில் இருந்ததல்ல. பல சீவல்களில் பார்த்ததைச் சேர்த்து, வேண்டாததை விட்டு, ஒரே தாளில் வைத்தவை. சமிக்ஞை எந்தப் பக்கம் போகிறது என்று சின்னச் சின்ன அம்புக்குறிகளும் போட்டார். நகரும் சமிக்ஞையை மைக்ராஸ்கோப்பில் அவர் பார்த்ததில்லை. செல்லின் வடிவத்தை வைத்து ஊகித்தது. அந்த அம்புகள் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. அதனால்தான் அவற்றைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

என் மேசைக்கு வருகிறேன். எங்கள் மைக்ராஸ்கோப் பதிவு செய்வது ஒளியின் அளவை மட்டும்தான். சிவப்பு, பச்சையெல்லாம் பிறகு நாங்கள் கொடுப்பது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத ஆண்கள் ஏராளம் என்பதால் சிவப்புக்குப் பதில் மெஜந்தா கொடுக்கிறேன். மெஜந்தாவும் பச்சையும் சேருமிடம் வெள்ளையாகத் தெரியும், யாருக்கும் குழப்பமில்லை. வானவில் வண்ண வரிசைதான் பெரிய தலைவலி. நம் கண் நிற வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும். அந்த வரிசையின் நடுவில் மஞ்சள் பளிச்சென்று இருப்பதால், இல்லாத இடத்தில் ஒரு எல்லைக்கோடு முளைத்துவிடும். ஒரு மாணவனின் படத்தை, 2015-இல் வந்த விரிடிஸ் வரிசைக்கு மாற்றிக் கொடுத்தேன். அதில் வெளிச்சம் சீராகக் கூடிக்கொண்டே போகும்.

"அக்கா, அந்த மஞ்சள் வளையத்தைக் காணோமே?"

"அது மூளைல இல்லப்பா, கலர்ல இருந்துச்சு."

பாவம், அந்த வளையத்தைப் பற்றி ஒரு பத்தியே எழுதி வைத்திருந்தான்.

நிழல் விஷயத்தில் எனக்கு வழிகாட்டி மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மேல்பாதி வெளுத்துக் கீழ்ப்பாதி கறுத்த வட்டம் புடைத்தும், மாறாக இருப்பது குழிந்தும் தெரிவதை வைத்து 1988-இல் கட்டுரை எழுதினார். வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. போன் திரையில் நிழல் போட்ட பட்டனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள், உள்ளே போய்விடும். நியூரான் கிளையில் இருக்கும் முட்களை வரையும்போது மேலே வெளிச்சம் வைக்க மறந்தால், அவை குழிகளாகிவிடும்.

வருமானத்தைக் கேட்காதீர்கள். மைக்ராஸ்கோப்புக்கு நிதி ஒதுக்குவார்கள், படத்துக்கு ஒதுக்க மாட்டார்கள். கேட்பதோ கடைசி நாள் ராத்திரி.

இப்போது கையில் இருப்பதும் அதே மாணவனின் படம்தான். இரண்டு செல்களை ஒரு கோடு இணைக்கிறது. "இந்த இணைப்பைப் பாத்தியா?" என்றேன். "பாக்கலக்கா, ஆனா இருக்கணும்." புள்ளிக்கோடாக்கி, கீழே ‘ஊகம்’ என்று எழுதி அனுப்பினேன். அதை முழுக்கோடாக்கச் சொல்லி அவன் பேராசிரியரிடமிருந்து மெயில் வந்திருக்கிறது. ஆதாரம் எங்கே என்று கேட்டு பதில் போட்டிருக்கிறேன்.