உயர்தெளிவுக் காணொளியும் பழுதறியும் தமிழும்

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிப் பொருத்தி, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக் காணொளி பார்ப்பதற்கென வீட்டில் அமைத்துக்கொள்ளும் கணினியை ஊடகக் கணினி என்கிறோம். கம்போங் மேடான் போன்ற அடுக்குமாடிக் குடியிருப்புப் பகுதிகளில் இது பொழுதுபோக்குக் கருவி மட்டுமன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது வகுப்பறையே வீட்டுத் திரைக்கு இடம்பெயர்ந்தது. மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி என்றிருந்த வீடுகளில், பழைய கணினியொன்றைச் சீர்செய்து பாடம் பார்க்கும் கருவியாக்கிக்கொண்டோரை நாம் அறிவோம்.

அத்தகைய கணினியில் காணொளி சரிவர ஓடாதபோது என்ன சொல்லப்படுகிறது? ‘ஜாம் ஆகிவிட்டது’ என்பர். ‘ஸ்டக் ஆகிறது’ என்பர். படம் விட்டுவிட்டு ஓடினாலும், குறுக்கே கிழிந்தாற்போல் தெரிந்தாலும், ஒலி முந்தி உருவம் பிந்தினாலும் சொல் ஒன்றுதான். நோய் பலவாயிருக்கப் பெயர் ஒன்றாயிருப்பின் மருந்தும் ஒன்றாகவே தோன்றும்: ‘கணினி பழசு, புதியது வாங்கு’ என்பதே அது. ஒரு மாதக் குடும்பச் செலவுக்கு ஈடான தொகை இவ்வாறு தேவையின்றிக் கரைவதுண்டு. குறைகளைப் பிரித்தறிந்து பெயரிட்டால் அவற்றுள் பல செலவின்றித் தீரும் என்பதையும், அப்பெயரீட்டைத் தமிழிலேயே செய்ய இயலும் என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொகையும் விரியும்

உயர்தெளிவுப் படத்தின் ஒரு சட்டகத்தில் கிடையாக 1920 புள்ளிகளும் செங்குத்தாக 1080 புள்ளிகளும் உள்ளன. மொத்தம் 2,073,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் மூன்று பைட்டு எனக் கொண்டால் ஒரு சட்டகம் ஏறத்தாழ 6.2 மெகாபைட்டு ஆகும். நொடிக்கு 25 சட்டகம் என்றால் நொடிக்கு 155 மெகாபைட்டுக்கு மேல். இதனை அப்படியே சேமித்தால் ஒரு மணி நேரப் பாடத்துக்கே 550 கிகாபைட்டுக்கு மேல் வேண்டும். ஆகவே படத்தைச் சுருக்கித்தான் சேமிக்கின்றனர்.

சுருக்கும் முறை தமிழ் மாணவர்க்குப் புதியதன்று. ‘பால்குடம்’ என்கிறோம்; ‘பாலை உடைய குடம்’ என்று பொருள் கொள்கிறோம். உருபும் பயனும் தொக்கு நிற்கின்றன. கேட்போன் தன் மொழியறிவால் அவற்றை விரித்துக்கொள்கிறான். காணொளியிலும் இதுவே நிகழ்கிறது. சில சட்டகங்கள் மட்டும் முழுமையாக எழுதப்படுகின்றன. மற்றவற்றில், முன்னோ பின்னோ உள்ள சட்டகத்திலிருந்து எது நகர்ந்தது, எது மாறியது என்பது மட்டுமே குறிக்கப்படுகிறது. மாறாதன தொக்கு நிற்கின்றன. இவ்வாறு தொகுத்ததை மீண்டும் படமாக்கும் நிரற்கூறே ‘கோடெக்’. அதனைத் தொகுவிரிப்பி என்று நாம் வழங்கலாம்.

தொகுக்கும் இலக்கணங்கள் பல. 2003இல் எச்.264 இலக்கணம் நிறைவுற்றது, 2013இல் எச்.265 வந்தது; 2018இல் ஏவி1 வெளியாயிற்று. பின்னதாக வந்தவை இன்னும் இறுக்கமாகத் தொகுப்பன. ஆதலால் விரிப்பதற்கு இன்னும் மிகுந்த உழைப்பைக் கோருவன. இங்கே ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். கோப்பின் பெயரிறுதியில் வரும் எம்பி4, எம்கேவி என்பன தொகுக்கும் முறையைக் குறிப்பன அல்ல. அவை கொள்கலனின் பெயர்கள். உறையைக் கண்டு உள்ளிருக்கும் கடிதத்தின் மொழியைக் கூற இயலாதது போலவே, கொள்கலனைக் கண்டு தொகுவிரிப்பியைக் கூற இயலாது.

விரிக்கும் பணியை இருவர் செய்யலாம். எல்லாப் பணியையும் செய்யும் மையச் செயலி ஒருவர். இதற்கென்றே அமைந்த வரைகலைச் சில்லின் தனிப்பகுதி மற்றவர். முன்னதை மென்பொருள் விரிப்பு என்றும் பின்னதை வன்பொருள் விரிப்பு என்றும் கூறலாம். பழைய கணினியில் ஏற்படும் தொல்லைகளுட் பெரும்பாலானவை, வன்பொருள் செய்ய வேண்டியதை மென்பொருள் செய்ய நேர்வதால் விளைவன.

குறைகளும் பெயர்களும்

கண்ணுக்குத் தெரியும் குறைகளை ஐந்தாகப் பகுக்கலாம்.

முதலாவது திக்கல். படம் சிறிது ஓடி, நின்று, பின் தாவி ஓடும். உரிய நேரத்துக்குள் விரிக்க இயலாமல் சட்டகங்கள் கைவிடப்படுவதே காரணம். கோப்பு இருக்கும் தட்டோ கம்பியில்லா வலையமைப்போ தாமதித்தாலும், செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டாலும் இதே குறை தோன்றும்.

இரண்டாவது நடுக்கம். சட்டகம் ஒன்றும் விடுபடாது; எனினும் ஒளிப்படக் கருவி பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் படம் சீராக வழுக்காமல் மெல்ல உதறும். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். கணினித் திரையோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுவது. அறுபது இருபத்து நான்கால் மீதியின்றி வகுபடாது; ஆகவே ஒரு சட்டகம் மும்முறையும் அடுத்தது இருமுறையும் காட்டப்படும். நம் நாட்டுத் தொலைக்காட்சி நொடிக்கு 25 சட்டக வழியில் வளர்ந்தது. அதற்கு 50 புதுப்பிப்பே பொருந்தும். திரையின் புதுப்பிப்பு வீதத்தைப் படத்துக்கேற்ப மாற்றும் அமைவு கோடி முதலிய ஊடக நிரல்களில் உள்ளது. அதனை இயக்கினால் நடுக்கம் நீங்கும்.

மூன்றாவது கிழிவு. திரையின் மேற்பாதியில் ஒரு சட்டகமும் கீழ்ப்பாதியில் அடுத்த சட்டகமும் தெரியும். திரை புதுப்பிக்கப்படும் கணமும் படம் மாறும் கணமும் ஒத்திசையாமையே காரணம். பழைய எக்ஸ் சாளர முறைமையில் இது மிகுதி. வேலாண்டு முறைமைக்கு மாறினால் பெரும்பாலும் மறையும்.

நான்காவது சீப்புப்பல். அசையும் உருவத்தின் ஓரம் சீப்பின் பற்கள்போல் பிரிந்து தெரியும். ஒளிபரப்பிலிருந்து பதிந்த படங்களில் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வெவ்வேறு கணத்தில் எடுக்கப்பட்டிருக்கலாம். இரண்டையும் ஒருசேரக் காட்டுவதால் இது நேர்கிறது. இடைவரி நீக்கும் அமைவை இயக்குவதே தீர்வு.

ஐந்தாவது பிறழ்வு. உதடும் ஒலியும் ஒவ்வா. பிறழ்வு தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே அளவாயின் ஒலித்தாமத அமைவில் சரிசெய்யலாம். நேரம் செல்லச் செல்ல வளருமாயின் கோப்பிலேயே குறை இருக்கலாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மொழியியலில் ஒலியன்களைக் கண்டறிய ‘மலை, மழை’ போன்ற சொல்லிணைகளை எடுத்துக்கொள்கிறோம். ஓரிடத்தில் மட்டும் வேறுபாடு, ஏனையவை ஒன்றே. ஆதலால் பொருள் வேறுபாட்டுக்கு அந்த ஓரொலியே காரணம் என்று துணியலாம். இரண்டு இடங்களில் மாற்றினால் எது காரணம் என்று சொல்ல இயலாது. பழுதறிதலுக்கும் இதுவே நெறி. மூன்று அமைவுகளை ஒருசேர மாற்றிவிட்டுப் படம் ஓடினால் மகிழ்ச்சிதான். ஆனால் கற்றது ஒன்றுமில்லை.

அண்மையில் நம் பகுதி மாணவர் ஒருவர் கொண்டுவந்த கணினியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். 2013இல் அறிமுகமான இன்டெல் நான்காம் தலைமுறையைச் சேர்ந்த இரு கருப் பென்டியம் செயலி அது. 1920க்கு 1080 அளவுள்ள இரு பாடக் கோப்புகள், இரண்டுமே எம்கேவி. இரண்டும் திக்கின, ஒன்று எப்போதாவது, மற்றொன்று இடைவிடாது. முதலில் கோப்புகளை வெளித்தட்டிலிருந்து உள்தட்டுக்கு மாற்றிப் பார்த்தோம், வேறுபாடில்லை. எனவே தட்டு காரணமன்று. அடுத்து வெப்பநிலையைப் பார்த்தோம், இயல்பாகவே இருந்தது. எனவே விசிறியும் தூசியும் காரணமல்ல. பிறகு எம்பிவி நிரலில் படம் ஓடும்போதே ஆங்கிலச் சிற்றெழுத்து ‘ஐ’ விசையை அழுத்தினோம். எந்தத் தொகுவிரிப்பி, விரிப்பது யார், கைவிடப்பட்ட சட்டகம் எத்தனை என்பன திரையிலேயே தோன்றின. முதற்கோப்பு எச்.264, இரண்டாவது 10 பிட்டு எச்.265. இரண்டையும் மென்பொருளே விரித்துக்கொண்டிருந்தது.

அச்செயலியின் வரைகலைப் பகுதி எச்.264ஐ விரிக்க வல்லது. ஆனால் அதற்குரிய இயக்கி நிறுவப்படவில்லை. இத்தலைமுறைக்கு வேண்டியது ஐ965 என்னும் பழைய இயக்கி. ஐந்தாம் தலைமுறை முதலே புதிய ஊடக இயக்கி பொருந்தும். அதனை நிறுவி, எம்பிவியில் வன்பொருள் விரிப்பையும் இயக்கினோம்; அந்நிரல் இயல்பாக அதனை இயக்குவதில்லை. முதற்கோப்பின் திக்கல் அக்கணமே நீங்கியது. இயக்கி இருந்தும் பயன்தராத இடங்களில், பயனர் ‘ரெண்டர்’ குழுவில் சேர்க்கப்பட்டுள்ளாரா என்று பார்க்க வேண்டும். சில வழங்கல்கள் காப்புரிமை காரணமாக எச்.264, எச்.265 விரிப்பை நீக்கியே தருவதும் உண்டு. 2022இல் ஃபெடோரா மேசா இயக்கிகளில் அவ்வாறு செய்தது. ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்திலிருந்து அதனைத் தனியே நிறுவிக்கொள்ளலாம்.

இரண்டாம் கோப்பு வேறு வகை. இன்டெல் சில்லுகளில் எச்.265க்கு முழுமையான வன்பொருள் விரிப்பு ஆறாம் தலைமுறையிலும், அதன் 10 பிட்டு வகைக்கு ஏழாம் தலைமுறையிலுமே வந்தது. எனவே இக்கணினியில் எந்த இயக்கியை நிறுவினும் பயனில்லை. இல்லாத உறுப்பை அமைவுகளில் தேடலாகாது. எஞ்சிய வழிகள் மூன்று: அதே பாடத்தின் எச்.264 வடிவத்தைக் கேட்டுப் பெறுதல். எஃப்எஃப்எம்பெக் நிரலால் இரவில் மறுதொகுப்புச் செய்தல். ஜிடி 1030 போன்ற சிறிய வரைகலை அட்டையைப் பழைய விலைக்கு வாங்கிப் பொருத்துதல். முதலிரண்டுக்கும் செலவில்லை. மறுதொகுப்பில் தெளிவு சற்றுக் குறையும். பாடம் படிப்பதற்கு அது தடையன்று. மாணவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தார். புதுக் கணினி வாங்கும் பேச்சு அத்தோடு நின்றது.

வரியுரையில் சிதையும் தமிழ்

காணொளி நன்றாக ஓடியும் தமிழ் வரியுரை சிதைந்து தெரிவது நமக்கே உரிய குறை. இதனுள்ளும் மூவகை உண்டு. எழுத்துக்குப் பதில் வெறுங்கட்டம் தெரிந்தால் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவுக. பொருளற்ற ஐரோப்பியக் குறிகள் தெரிந்தால் கோப்பு டிஸ்கி முதலிய பழைய குறியாக்கத்தில் உள்ளது என்று பொருள். அதனை ஒருங்குறிக்கு மாற்றி யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்க. ‘கெ’ என்பதன் கொம்பு ககரத்துக்கு முன் நில்லாது பின்னே வட்டத்தோடு தனித்து நின்றால், எழுத்துகளை வடிவமைக்கும் நிரற்கூறு பணியாற்றவில்லை என்று பொருள். ஒருங்குறியில் மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி சேமிக்கப்படுகிறது. அதனை முன்னே கொணர்ந்து வரைவது வடிவமைப்பியின் கடமை. ஒலிக்கும் முறைக்கும் எழுதும் முறைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறிந்த தமிழ் மாணவன், இக்குறையைப் பிறரினும் விரைவில் இனங்காண்பான்.

இத்துறையில் மலேசியத் தமிழர்க்குத் தனி மரபு உண்டு. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985இல் தொடங்கியது. தமிழ் இணைய மாநாடு 2001இல் கோலாலம்பூரில் கூடியது. 2013இல் மீண்டும் இங்கே கூடியது. தமிழைக் கணினியில் ஏற்றிய பணி அது. கணினியைத் தமிழில் எண்ணிப் பார்ப்பது அடுத்த பணி.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையில் எளிதாகத் தொடங்கலாம். ‘ஓடவில்லை’ என்று வரும் மாணவனிடம், திக்கலா, நடுக்கமா, கிழிவா, சீப்புப்பல்லா, பிறழ்வா என்று கேளுங்கள். விடை சொல்வதற்காக அவன் மீண்டும் ஒருமுறை திரையைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கும். இங்கே தந்த பெயர்களினும் பொருத்தமானவற்றை மாணவர் படைப்பாராயின் அவற்றையே வழங்குவோம். பெயர் எதுவாயினும், இருவேறு குறைகளுக்கு ஒரே பெயர் வாராதிருத்தல் வேண்டும்.