கிதாபுக்குள்ளிருந்தே வந்த ஃபத்வா

காயல்பட்டினத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஃபிக்ஹு எனும் மார்க்கச் சட்டம் ஓதிக் கொடுப்பவள் நான். நாங்கள் ஓதும் ‘ஃபத்ஹுல் முஈன்’, 16ஆம் நூற்றாண்டில் மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் எழுதிய ஷாஃபிஈ மத்ஹபு சட்டநூல். இந்தோனேசியாவின் ‘பெஸந்த்ரென்’ மதரஸாக்களிலும் இதே கிதாபைத்தான் ஓதுகிறார்கள். நம் பெரியவர்கள் வரிகளுக்கிடையே அரபுத்தமிழில் பொருள் எழுதிவைத்ததைப் போல, அங்கே அரபு எழுத்தில் ஜாவா மொழியை எழுதிவைக்கிறார்கள். அதனால் அங்கே நடந்த ஒரு காரியம் எனக்கு நம் வீட்டுச் செய்தியாகவே படுகிறது.

2017 ஏப்ரலில் மேற்கு ஜாவாவின் சிரெபோனில், கெபோன் ஜம்பு பெஸந்த்ரெனில் பெண் உலமாக்கள் மாநாடு கூடியது. அந்த மதரஸாவின் தலைவரே மஸ்ரிய்யா அம்வா என்ற பெண்மணிதான். பாலியல் வன்முறை, குழந்தைத் திருமணம், சுற்றுச்சூழல் அழிவு ஆகிய மூன்றையும் பற்றி மாநாடு ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) அளித்தது.

இவற்றில் கடினமானது குழந்தைத் திருமணம். சிறுமியை நிக்காஹ் செய்துகொடுக்க வாப்பாவுக்கு அதிகாரம் உண்டு என்று பழைய நூல்கள் சொல்கின்றன. அதை மறைக்க முடியாது. கிதாபை ஒதுக்கிவிடவும் அந்தப் பெண் உலமாக்களுக்கு மனமில்லை. ஒரு விஷயத்தை உள்ளபடி அறியாமல் அதற்கு ஹுக்மு (சட்டத் தீர்ப்பு) சொல்லக்கூடாது என்பது நாங்களும் ஓதும் விதி. அதன்படி முதலில் நிலவரத்தை எழுதினார்கள்: பாதியில் நின்ற படிப்பு, இளவயதுப் பிரசவத்தின் ஆபத்து, மணமுறிவு, வறுமை. பிறகு குர்ஆன், ஹதீஸ், உலமாக்களின் கூற்றுகள், நாட்டின் அரசியல் சாசனம் என்று ஆதாரங்களை வரிசைப்படுத்தினார்கள். தீங்கு விளைவிக்கும் குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது வாஜிப் (கட்டாயக் கடமை) என்று முடித்தார்கள். தீங்கை அகற்ற வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடித்தள விதிகளில் ஒன்று.

அன்று இந்தோனேசியச் சட்டத்தில் பெண்ணின் திருமண வயது 16. சிறுவயதில் மணமுடிக்கப்பட்ட பெண்கள் தொடுத்த வழக்கில் 2018இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வயது வரம்பு சாசனத்துக்கு முரணானது என்றது. 2019இல் அது 19 ஆனது. பலரது நெடிய போராட்டத்துக்குக் கிடைத்த பலன் இது. மார்க்கத்தைக் காட்டி எதிர்த்தவர்களுக்கு மார்க்கத்தின் ஆதாரத்தோடே பதில் சொல்ல அந்த ஃபத்வா கைகொடுத்தது. விதிவிலக்கு வாங்கி நடக்கும் கல்யாணங்கள் இன்றும் உண்டு. ஆகவே வேலை முடிந்துவிடவில்லை.

நம் ஊர்களிலும் பெண்கள் வெளியே சொல்லத் தயங்கும் கேள்விகளை மார்க்கம் கற்ற பெண்களான ஆலிமாக்களிடம்தான் கொண்டுவருகிறார்கள். ஃபத்வா எழுதும் சபையிலோ பெரும்பாலும் எங்களுக்கு இடமில்லை. ஓதித் தேர்ந்த ஆலிமாக்களை அங்கே உட்கார வையுங்கள். உள்ளபடி அறிவதுதான் ஹுக்முக்கு முதல் படி என்றால், பட்டு அறிந்தவளைக் கேட்காமல் எழுதும் ஃபத்வா அந்த முதல் படியையே ஏறவில்லை.