விட்டுவிட்டு வரும் பிழை

நின்றே போன கடிகாரத்தைப் பழுது பார்ப்பது எளிது. சில வேளை ஓடியும் சில வேளை நின்றும் போகும் கடிகாரமே நம் பொறுமையைச் சோதிக்கும். கணிப்பொறியின் மென்பொருளிலும் இத்தகைய பிழைகள் உண்டு.

வடபழனியில் ஓர் அலுவலகம் இருப்பதாகக் கொள்வோம். பணிபுரிவோரின் பெயர், கடவுச்சொல், அவரவர் பிரிவு ஆகியவை அங்கே ஒரு பதிவேட்டில் அமைந்திருக்கும். இதனை டைரக்டரி என்பர். அதனிடம் வினவி விடை பெறும் முறைக்கு எல்டாப் என்று பெயர். எக்ஸ்.500 என்ற பெரிய முறையை எளிமையாக்கி, மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸ் முதலியோர் 1993-இல் இதனை வெளியிட்டனர்.

புதிதாகச் சேர்ந்த ஊழியர் ஒருவர் காலையில் தம் பெயரைக் கொடுக்கிறார், கதவு திறக்கிறது. சற்றுக் கழித்து, 'அப்படி ஒருவர் இல்லை' என்று விடை வருகிறது. அவர் கடவுச்சொல்லைத் தவறாக அடித்தார் என்று பழி சொல்லுவதற்கு முன், காரணத்தை ஆராய வேண்டும்.

பதிவேடு ஒன்றேயாயினும் அதன் படிகள் இரண்டு மூன்று சர்வர்களில் இருக்கும். வினாக்கள் அவற்றுக்கு மாறி மாறிச் செல்லும். ஒரு படிக்கு மட்டும் புதிய செய்திகள் வந்து சேராமல் நின்றுவிட்டால், அதனிடம் கேட்டவருக்கு மட்டுமே தவறான விடை கிடைக்கும். போதாக்குறைக்கு, கேட்கும் கணிப்பொறியும் கிடைத்த விடையைச் சிறிது நேரம் நினைவில் வைத்திருக்கும். 'இல்லை' என்ற விடையையுங்கூட! ஆகவே பிழை நினைத்தபோது வருவதுபோல் தோன்றுகிறதேயன்றி, உண்மையில் அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு.

அதனைக் கண்டுபிடிக்கும் வழி யாது? எடுத்த எடுப்பில் கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கலாகாது. அவ்வாறு செய்தால் தடயம் அழிந்து, பிழை தீர்ந்ததுபோல் மயக்கும். பிழை நேர்ந்த நேரம், கேட்ட பெயர், விடையளித்த சர்வர் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, ஒரே பெயரை ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியே கேட்டு விடைகளை ஒப்பிட வேண்டும். மாறுபட்டு நிற்பது எதுவோ, அங்கேதான் கோளாறு. குறிப்பேட்டில் பிழைகளெல்லாம் நெடுநேர ஓய்வுக்குப் பின் வரும் முதல் வினாவிலேயே இருந்தால், சர்வரை விட்டு, இடையே அறுந்துபோன இணைப்பை நோக்க வேண்டும்.

இதனைச் சிறிய தொல்லை என்று விட்டுவிடுதல் தகாது. புதியவரை அறியாத அந்தப் பழைய படியில், பணியை விட்டு நீங்கியவரின் பெயர் இன்னும் அழியாமல் இருக்கலாம். அவருக்கு அது கதவைத் திறந்துவிடும். பழுது நீக்கிய பின் அந்தப் பெயரையும் எல்லாச் சர்வர்களிலும் கேட்டுப் பார்த்தல் வேண்டும்.