வகை துணியாச் சித்தப்பிரமையும் உளப்பிளவை நோயும்

எலும்பு முறிவைக் கதிர்ப்படம் காட்டும். மலேரியாக் காய்ச்சலை ஒரு துளி இரத்தம் உணர்த்தும். சித்தப்பிரமையின் தொடக்கத்திலோ இத்தகைய சான்று கிடைப்பதில்லை. இல்லாத குரல் செவியில் ஒலித்தலும், பிறர் தனக்குத் தீங்கு சூழ்கின்றனர் என்னும் பொய்நம்பிக்கை வேரூன்றலும், பேச்சுத் தொடர்பற்றுச் சிதறலும் உளப்பிளவை நோயிலும் உள. ஏனைச் சித்தப்பிரமைகளிலும் உள. முதல் வாரத்தில் இரு நோயாளரை ஒருங்கு நோக்கும் வைத்தியர், எவர் விரைவிற் குணமுறுவார், எவருக்கு நோய் நீடிக்கும் என்று துணிந்து கூறுதல் அரிது.

இவ்விடர்ப்பாடு புதியதன்று. ஜேர்மனிய வைத்தியர் எமில் கிறேப்பெலின் 1899இல், நோயின் போக்கையும் முடிவையுமே அளவுகோலாகக் கொண்டு, இளமையில் தோன்றி அறிவாற்றலைச் சிதைக்கும் நோயை, வந்து வந்து நீங்கும் பித்து, சோர்வு நோயினின்றும் பிரித்தார். முடிவைக் கொண்டு பெயரிடுவதாயின் தொடக்கத்திற் பெயரிடுவது எங்ஙனம்? சுவிற்சர்லாந்து நாட்டுப் புளொயிலர் 1908இல் உளப்பிளவை என்னும் பொருள்படும் புதுப்பெயரைச் சூட்டினார். அதனை ஒரு நோயாகவன்றி நோய்த் தொகுதியாகவே கருதினார். பிளவு என்பது எண்ணமும் உணர்ச்சியும் இசைவிழத்தலையே குறிக்கும். ஓருடலில் இருவர் வாழ்தல் எனக் கற்றோரும் மயங்குவது வியப்பே.

இற்றைநாள் வைத்தியர் காலத்தைக் கணக்கிடுகின்றனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கைந்நூலின்படி, ஒரு மாதத்துள் முற்றும் நீங்குவது குறுகிய சித்தப்பிரமை. நோய்க்குறிகள் ஆறு மாதமேனும் தொடர்ந்தாலன்றி உளப்பிளவை எனல் ஆகாது. உலக சுகாதார தாபனத்தின் வகுப்போ ஒரு மாதத்தையே போதுமெனக் கொள்ளும். எனவே மூன்றாம் மாதத்து நோயாளி ஒருவர் ஒரு நூலின்படி உளப்பிளவை நோயாளராகவும் மற்றதன்படி அல்லாதவராகவும் ஆதல் கூடும்!

செய்தி போதாதவிடத்து இடப்படுவதே 'வகை துணியாச் சித்தப்பிரமை' என்னும் பெயர். இதனை வைத்தியரின் அறியாமை எனல் பொருந்தாது. அவசரத்திற் கூறும் பெயரினும் இது நேர்மையுடைத்து. கஞ்சா முதலிய போதைப்பொருளாலும், வலிப்பு நோயாலும், 2007இல் விளக்கம்பெற்ற ஒருவகை மூளையழற்சியாலும் இதே தோற்றம் விளையும். இவற்றுட் சில வேறு மருத்துவத்தை வேண்டுவன. ஆதலின் அவற்றை முதற்கண் விலக்கியறிதல் இன்றியமையாதது.

தொடக்க நிலையிலும் சில குறிப்புகள் உண்டு. பல மாதங்களாகத் தோழரை விட்டு ஒதுங்கி, முகமலர்ச்சி குன்றி, கல்வியிற் படிப்படியாகப் பின்தங்கிய இளைஞரிடத்துத் தோன்றும் பிரமை உளப்பிளவையாதல் மிகுதி. ஆசிரியர் இந்நிலையைச் சோம்பல் என்று கடிந்துகொள்வதும் உண்டு. பேரதிர்ச்சியின் பின் திடீரெனத் தோன்றியது பெரும்பாலும் நன்முடிவு எய்தும். எனினும் இக்குறிப்புகள் பொய்த்தலும் உண்டு. வகை துணியப்படாத நோயாளருட் சிலர் பின்னர் உளப்பிளவை நோயாளராவர்; சிலரது நோய் பித்து, சோர்வு வகையினதெனத் தெளிவாகும்; சிலர் மீண்டும் நோயுறார்.

பெயர் துணியப்படாமை பற்றி நோய் எளிதென எண்ணலாகாது. தற்கொலை அபாயம் இரு சாராருக்கும் தொடக்க ஆண்டுகளில் மிகுதியாகும். பிரமையைத் தணிக்கும் மருந்தும் இருவருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அது தாமதிக்குமளவுக்குக் குணமடைதலும் கடினமாகின்றது. பெயரின் வேற்றுமை பெரிதும் புலப்படுவது குணமுற்ற பின்னரே: மருந்தை எப்பொழுது குறைப்பது, எத்தனை ஆண்டு தொடர்வது என்னும் வினாக்கள் அப்பொழுதுதான் எழுகின்றன. அதனாலேயே முதலில் எழுதிய பெயரை வைத்தியர் காலந்தோறும் மீள ஆராய்கின்றனர்.